அத்தியாயம் 6: ஒரே ஈத்து, ஐந்து உருவம்
வீட்டுப் பொமரேனியன் குட்டிகளின் தோற்ற வேறுபாட்டை அளந்து, எழுதிப் புரிந்துகொள்வது

திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு வீடு. சமையலறைக்குப் பின்னால் கோணி விரித்த அட்டைப்பெட்டியில் ஐந்து குட்டிகள். இரண்டு தும்பைப்பூ வெள்ளை. ஒன்று வெள்ளைதான், காதோரம் மட்டும் பிஸ்கட் நிறம். ஒன்று முழுப் பழுப்பு. கடைசியாகப் பிறந்தது கறுப்பு, மற்றவற்றில் முக்கால் அளவுகூட இல்லை. தாய் நல்ல வெள்ளை. வீட்டுக்கார அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "உண்மையச் சொல்லு தம்பி. இதுங்க எல்லாம் ஒரே அப்பனுக்குப் பொறந்ததுதானா? பக்கத்து வீட்ல சிரிக்கிறாங்க."

"அப்பா என்ன நிறம்க்கா?"

"கறுப்பு."

"அப்படின்னா தாராளமா ஒரே அப்பாவா இருக்கலாம். நோட்டு ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

இந்த அத்தியாயம் அந்த நோட்டைப் பற்றியது. ஒரே இனத்தில், ஒரே ஈத்தில்கூடக் குட்டிகள் வேறு வேறாகத்தான் இருக்கும். அந்த வேறுபாடுகளில் எது வெறும் அழகு, எது வம்சத்தைச் சொல்கிறது, எது உடம்புக்கு ஆபத்து என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். வாங்கும்போதும் ஏமாற மாட்டீர்கள், வளர்க்கும்போதும் பயப்பட மாட்டீர்கள்.

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது எது?

செங்கல்பட்டு, மறைமலை நகர், மாமல்லபுரம் பக்கத்து வீடுகளில் "பொமரேனியன்" என்று அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். ஜெர்மன் ஸ்பிட்ஸ் குடும்பத்து நாய்கள் வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே வந்து, நம் வெயிலுக்கும் சோற்றுக்கும் பழகித் தனி வகையாகிவிட்டன. 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹை கோன்' இந்திப் படத்து வெள்ளை நாய் டஃபியை நினைவிருக்கிறதா? அந்த முகம்தான்.

வளர்ந்த நாயின் அளவை வைத்து ஓரளவு பிரிக்கலாம்:

- பொமரேனியன்: தோள் உயரம் சுமார் 18 முதல் 24 செ.மீ. எடை 1.5 முதல் 3.5 கிலோவுக்குள். குட்டை மூக்கு, சிறிய காது, பந்து போன்ற அடர்ந்த முடி.
- இந்தியன் ஸ்பிட்ஸ், சிறியது: உயரம் 22 முதல் 25 செ.மீ., எடை 5 முதல் 7 கிலோ. மூக்கு நீளம், காது பெரிது, முடி சற்றே மெலிது.
- இந்தியன் ஸ்பிட்ஸ், பெரியது: உயரம் 35 முதல் 45 செ.மீ., எடை 12 முதல் 20 கிலோ.

"கல்ச்சர் பொம்", "டெடி பியர்", "டீகப்" எல்லாம் விற்பவர்கள் வைத்த பெயர்கள். எந்த இனத் தர நூலிலும் அப்படித் தனி இனம் கிடையாது.

கொஞ்சமே கொஞ்சம் விளக்கம்

ஸ்பிட்ஸ் குடும்பத்தில் அளவு எளிதில் மாறும். விக்டோரியா மகாராணி 1888இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரிலிருந்து கொண்டுபோன மார்கோ என்ற பொமரேனியன் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ இருந்தது. சின்ன நாய்மீது அவருக்கு இருந்த மோகம் ஊர் மோகமாகி, இன்றைய கண்காட்சிப் பொமரேனியன் அதில் பாதிகூட இல்லை. உடம்பைச் சிறிதாக்கும் முக்கிய மரபணு மாற்றம் ஒன்று 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய சைபீரிய ஓநாயிலேயே இருந்ததை 2022இல் கண்டறிந்தார்கள். சின்னதும் பெரியதும் இரத்தத்தில் பழங்காலம் தொட்டே இருக்கின்றன. தாத்தா பெரியதாக இருந்தால் பேரனில் ஒன்று திடீரென வளர்வதில் அதிசயமில்லை.

எடுத்து வைக்க வேண்டியவை

1. கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு, அதில் வைக்க ஒரு அகலக் கிண்ணம்
2. தையல் டேப்
3. அடிஸ்கேலும் கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகமும்
4. ஐந்தாறு நிறத்தில் கம்பளி நூல்
5. கோடு போட்ட நோட்டு, குட்டிக்கு இரண்டு பக்கம்
6. கைபேசி, மாதம் ஒரு படத்துக்கு

படிப்படியாகப் பதிவு செய்வது

படி 1. அடையாளம் கட்டுங்கள் (பிறந்த நாள்)
ஒரே நிறக் குட்டிகளுக்கு ஆளுக்கொரு நிறத்தில் கம்பளி நூலைக் கழுத்தில் தளர்வாகக் கட்டுங்கள். உங்கள் சுண்டுவிரல் எளிதாக நுழைய வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை அவிழ்த்துப் புதிதாகக் கட்டுங்கள்.

*எச்சரிக்கை:* திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிறு கட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கட்டுவது தப்பில்லை, கட்டிவிட்டு மறப்பதுதான் தப்பு. முடிக்குள் கயிறு தெரியாது, குட்டியோ நாளுக்கு நாள் பருக்கும். மூன்று வாரத்தில் கயிறு தோலுக்குள் புதைந்துபோன ஒரு குட்டியை நானே கத்தரிக்கோலோடு உட்கார்ந்து காப்பாற்றியிருக்கிறேன்.

படி 2. எடை (முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் ஒரு முறை)
தினமும் ஒரே நேரத்தில், பால் குடிக்கும் முன் நிறுக்க வேண்டும். கிண்ணத்தில் துணி விரித்துத் தராசைச் சுழியமாக்கி, குட்டியை வையுங்கள். நல்ல குட்டி 8 முதல் 10 நாளில் பிறந்த எடையைப் போல இரு மடங்காகும்.

சின்னக் குட்டி சின்னதாக இருப்பது பிரச்சினை இல்லை. எடை ஏறாமல் நிற்பதுதான் பிரச்சினை. அக்கா வீட்டுக் கறுப்புக் குட்டி கடைசி வரை சின்னதாகத்தான் இருந்தது, ஆனால் நோட்டில் அதன் வரிசை ஒரு நாள்கூட இறங்கவில்லை. ஒரு முழு நாள் ஏறவில்லை, அல்லது இறங்கிவிட்டது என்றால் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

படி 3. மூக்கு, கண் (3 வாரம்)
குட்டிகள் பலவும் இளஞ்சிவப்பு மூக்கோடு பிறக்கும். வாரங்கள் போகப் போகக் கறுக்கும். இரண்டாம் வாரத்தில் கண் திறக்கும்போது மங்கிய நீலமாக இருப்பதும் இயல்புதான். நோட்டில் மூன்று கேள்வி எழுதுங்கள்:

- மூக்கு கறுப்பா, பழுப்பா, இன்னும் சிவப்பா?
- கண்ணிமை ஓரம் என்ன நிறம்?
- உடம்பில் சாம்பல் பூத்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறதா?

பழுப்புக் குட்டியின் மூக்கு எத்தனை வயதானாலும் பழுப்புத்தான். வெள்ளைக் குட்டிக்கும் சில சமயம் அப்படி அமையும். அது சத்துக்குறைவு இல்லை, டானிக் ஊற்ற வேண்டாம்.

படி 4. உச்சிக்குழியும் வாயும் (8 வாரம்)
நடுத்தலையை விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள், அழுத்தக் கூடாது. மனிதக் குழந்தைக்கு இருப்பதுபோல் மெத்தென்ற குழி தட்டுப்பட்டால் அளவை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மிகச் சின்ன குட்டிகளில் இது மூடாமலே நின்றுவிடுவதுண்டு. அப்படிப்பட்ட குட்டி கட்டிலிலிருந்து விழுந்தாலே ஆபத்து.

பிறகு உதட்டைத் தூக்கிப் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களுக்குச் சற்று முன்னால், கத்தரிக்கோல் மூடுவதுபோல் பொருந்த வேண்டும்.

படி 5. உயரம் (8 வாரத்திலிருந்து மாதம் ஒரு முறை)
1. குட்டியைச் சமமான தரையில் சுவரோரம் நிறுத்துங்கள். மெத்தை, பாய் வேண்டாம்.
2. தலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். தின்பண்டத்தை மூக்கு மட்டத்தில் காட்டினால் தானே நேராக நிற்கும்.
3. முன்கால் இரண்டும் தோளோடு சேரும் இடத்தின் உச்சியை விரலால் தேடுங்கள். அதுதான் அளவெடுக்கும் புள்ளி. தலை உச்சி கணக்கில்லை.
4. முடியை அமுக்கி, அங்கே புத்தகத்தைக் கிடையாக வைத்துச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள்.
5. மூன்று முறை எடுத்து நடு அளவை எழுதுங்கள்.

*குறிப்பு:* முடியை அமுக்காமல் அளந்தால் பொமரேனியன் இரண்டு மூன்று செ.மீ. வளர்ந்துவிடும்! குளிப்பாட்டிய ஈரத்தோடு ஒரு படம் எடுத்து ஒட்டி வையுங்கள். உண்மையான உடம்பு அன்றுதான் தெரியும்.

படி 6. காதும் வாலும் (3 முதல் 6 மாதம்)
காது ஒரே நாளில் நிமிராது. ஒன்று நிற்கும், மற்றொன்று சாயும். பல் மாறும் பருவத்தில், மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை, நின்ற காது மறுபடி விழுவதும் உண்டு. பொறுங்கள். வால் முதுகின்மேல் விசிறியாக மடிவது மெல்ல மெல்லத்தான் அமையும்.

இதே பருவத்தில் பல்லை எண்ணுங்கள். பால் பல் 28, நிலைப்பல் 42. சின்ன நாய்களில் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நிற்பது அதிகம். இரண்டும் சேர்ந்து நின்றால் மருத்துவர் எடுத்துவிடுவார்.

படி 7. அசிங்கப் பருவம் (4 முதல் 8 மாதம்)
பஞ்சுப் பொதி போலிருந்த குட்டி நான்காம் மாதத்தில் முகத்து முடி உதிர்ந்து குரங்கு முகமாகும். கால் நீண்டு தெரியும், வால் எலி வாலாகும். "ஏமாத்திட்டாங்க, இது க்ராஸ்" என்று சண்டைக்குக் கிளம்புகிறவர்கள் இந்த மாதங்களில்தான் கிளம்புகிறார்கள். குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி வரும் இடைவெளி இது. முழு முடி வர இரண்டு வயதுகூட ஆகலாம். சொறி, சிவப்பு, துர்நாற்றம், வட்ட வட்டமான வழுக்கை இருந்தால் மட்டும் மருத்துவம் தேவை.

படி 8. இறுதிக் கணக்கு (12 மாதம்)
உயரம், எடை, மார்புச் சுற்றளவு மூன்றையும் எடுங்கள். பிறகு முகம்: மூக்கு நுனியிலிருந்து கண்களின் உள்முனை வரை ஓர் அளவு, அங்கிருந்து பின்தலை எலும்பு வரை மற்றோர் அளவு. பொமரேனியனில் முதல் அளவு இரண்டாவதில் ஏறக்குறையப் பாதி. மூன்றில் இரண்டு பங்கை நெருங்கினால் பெரிய ஸ்பிட்ஸ் முகம்.

மூன்று கூடை

எழுதியதை இப்போது மூன்றாகப் பிரியுங்கள்.

*முதல் கூடை, வெறும் தோற்றம்:* காதோரப் பிஸ்கட் நிறம், பழுப்பு மூக்கு, அலைமுடி, உடன்பிறப்புகளிடையே சிறிய உயர வித்தியாசம். ஒன்றும் செய்ய வேண்டாம்.

*இரண்டாம் கூடை, வம்சம்:* எதிர்பார்த்ததைவிட இரு மடங்கு எடை, நீண்ட மூக்கு, ஒரு வயதிலும் தொங்கும் காது, ஒட்டிய குட்டை முடி. தாய் தகப்பனையும் முடிந்தால் தாத்தா பாட்டியையும் பார்த்தால் விடை கிடைக்கும். நாயின் ஆரோக்கியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

*மூன்றாம் கூடை, உடம்பு:* மூடாத உச்சிக்குழி, ஓடும்போது பின்காலை இரண்டு எட்டுத் தூக்கி நொண்டிவிட்டு மறுபடி ஊன்றுவது (முழங்கால் சில்லு விலகல்), உற்சாகத்தில் வாத்து கத்துவதுபோல் இருமல் (மூச்சுக்குழாய் தளர்ச்சி), எடை ஏறாமை. இவை மருத்துவருக்கு. சில்லை நீங்களே தள்ளிப் பார்க்க வேண்டாம். இருமல் உள்ள நாய்க்குக் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப்பட்டை போடுங்கள்.

நிறக் கணக்கு: அக்காவின் கேள்விக்குப் பதில்

ஸ்பிட்ஸ் வகையில் வெள்ளையும் க்ரீமும் பொதுவாக ஒதுங்கிப் போகும் நிறங்கள். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பங்கும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே:

1. வெள்ளை + வெள்ளை: குட்டிகள் வெள்ளை அல்லது க்ரீம். இதில் கறுப்புக் குட்டி வந்தால் வேறொரு தகப்பன் புகுந்திருக்கிறானா என்று சந்தேகிக்கலாம்.
2. வெள்ளை + கறுப்பு: கறுப்பு நாய் வெள்ளையை ஒளித்து வைத்திருந்தால் இரண்டு நிறமும் வரும்.
3. இரண்டு பக்கமும் பழுப்பை ஒளித்து வைத்திருந்தால்: யாரும் எதிர்பாராத பழுப்புக் குட்டி தலைகாட்டும்.

அக்காவின் பெட்டியில் நடந்தது இரண்டாவதும் மூன்றாவதும். ஆனால் நினைவில் வையுங்கள்: பெட்டை பருவத்துக்கு வந்த மூன்று வாரத்தில் தெருவில் இறங்கினால், ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் குட்டிகள் பிறப்பது உண்மையிலேயே நடக்கும். நிறம் சந்தேகத்தைத்தான் கிளப்பும், தீர்ப்புச் சொல்ல டி.என்.ஏ. பரிசோதனை வேண்டும்.

*எச்சரிக்கை:* சாம்பல் திட்டு நாய்களை "மெர்ல்" என்பார்கள். அபூர்வம் என்று அதிக விலை சொல்வார்கள். மெர்லையும் மெர்லையும் சேர்க்கவே கூடாது. பிறப்பவற்றில் நான்கில் ஒன்றுக்கு இரட்டைப் பங்கு வர வாய்ப்புண்டு. அவை செவிடாகவோ குருடாகவோ பிறக்கலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. படத்தைப் பார்த்து வாங்குவது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை போலித் தவம் செய்கிறது, எலிகள் அதன் பக்கத்தில் பயமில்லாமல் நிற்கின்றன. கைபேசியில் வரும் பஞ்சுப் பொதிப் படமும் அந்தப் பூனைதான். தாயைக் கட்டாயம் நேரில் பாருங்கள். தகப்பனின் எடையைக் கேளுங்கள்.
2. பேப்பர் இருந்தால் போதும் என்று நினைப்பது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று மூன்று தலைமுறை வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. பேப்பரிலுள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் உடம்பிலுள்ள எண்ணும் ஒன்றா என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.
3. சின்னதாகவே இருக்கட்டும் என்று தீனியைக் குறைப்பது. எலும்பு அளவு குறையாது, குட்டிதான் சுருளும். சின்னக் குட்டிக்கு மூன்று நான்கு வேளை தீனி தேவை. தள்ளாடினால், துவண்டு விழுந்தால் சர்க்கரை குறைந்திருக்கலாம். சர்க்கரைத் தண்ணீரை ஈறில் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும்.
4. காதுக்குக் கால்சியம். காது நிமிர அளவில்லாமல் கால்சியம் கொடுத்தால் எலும்புக்குத்தான் கேடு.
5. கோடையில் மொட்டையடிப்பது. இந்த நாய்களுக்கு இரண்டு அடுக்கு முடி. மழித்தால் வெயில் நேரே தோலில் விழும், முடி திரும்பத் திட்டுத் திட்டாக வரலாம், வராமலும் போகலாம். அடிமுடியைச் சீவி எடுங்கள், அது போதும்.

கடற்கரைக்காரர்களுக்குத் தனிக் குறிப்புகள்

- கோவளம் முதல் கல்பாக்கம் வரை உப்புக்காற்றும் ஈரமும் அதிகம். ஈரம் காயாத அடிமுடியில் தோல் புண்ணாகும். கடலில் நனைந்தால் நல்ல தண்ணீரில் அலசி, வேர்வரை துவட்டுங்கள்.
- மணலில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லையா? நாய் நடக்கக் கூடாது. அக்கினி நட்சத்திர நாட்களில் காலை 7 மணிக்கு முன், மாலை 6 மணிக்குப் பின்.
- நாக்கு கருஞ்சிவப்பாகி, மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் வழிந்தால் வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் செல்லுங்கள்.
- குப்பத்துக் கரையில் வலையிலிருந்து உதறிய பேத்தை மீன் கிடக்கும். அது கொடிய விஷம். கரையில் கயிற்றைக் கையிலிருந்து விடாதீர்கள்.
- வாரம் இரு முறை காதுமடல், விரலிடுக்கு, வாலடியில் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சலில் முடியும் எடையும் குறைந்து, நாய் வேறு நாய்போல் ஆகிவிடும்.
- நோட்டில் மாதத்தையும் எழுதுங்கள். வெயில் காலத்து மெலிந்த முடியையும் மார்கழி முடியையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

முதல் சோதனைக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் போதும். எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை என்றால் 1903இல் தொடங்கிய வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விக்கு விடை அதில் இருக்கும்.

அடுத்த ஈத்துக்கு முன்

குட்டிகளை விற்கும் எண்ணம் இருந்தால் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் உங்களுக்கும் பொருந்தும். சுருக்கமாக:

1. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும்.
2. பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும், மருத்துவர் தகுதிச் சான்று தர வேண்டும்.
3. அடுத்தடுத்த இரண்டு பருவத்தில் சினைப்படுத்தக் கூடாது.
4. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வயதோடு நிறுத்த வேண்டும்.
5. தகப்பன்-மகள், அண்ணன்-தங்கை போன்ற நெருங்கிய உறவில் சேர்க்கக் கூடாது.
6. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது.

இவற்றோடு என் சொந்த விதி ஒன்று: மூன்றாம் கூடையில் ஏதாவது எழுதப்பட்ட நாயை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

குட்டியோடு கொடுக்க வேண்டிய தாள்

குட்டி வேறு வீட்டுக்குப் போகும் நாளில் அதன் இரண்டு பக்கத்தையும் நகலெடுத்துக் கொடுத்தனுப்புங்கள். தலைப்பில் இவை இருக்கட்டும்:

- பிறந்த தேதி, ஈத்தில் எத்தனையாவது, மொத்தம் எத்தனை
- தாய்: நிறம், உயரம், எடை
- தகப்பன்: நிறம், உயரம், எடை
- எட்டாம் வார எடை, மூக்கு நிறம், உச்சிக்குழி, பல் பொருத்தம்
- குடற்புழு மருந்து, தடுப்பூசித் தேதிகள், அடுத்து வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டிய தேதி
- "ஒரு வயதானதும் உயரமும் எடையும் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். திருக்கழுக்குன்றம் சாலை அக்காவுக்கு ஐந்தில் மூன்று வீட்டிலிருந்து பதில் வந்தது. ஒரு வெள்ளை ஏழு கிலோ, பழுப்பு ஆறு, கறுப்பு நான்கே முக்கால். மூன்றையும் தாயின் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த முறை குட்டி கேட்டு வருகிறவரிடம் "எவ்வளவு பெருசாகும்?" என்ற கேள்விக்கு அவர் கைவிரித்துக் காட்டுவதில்லை, அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறார்.